உப்பும் கவசமும்: ‘சிவப்புத் திருமணம்’ காட்சியில் வஞ்சகப் பொறியின் கட்டமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ (2000) நாவலிலும், அதனைத் தழுவிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரிலும் இடம்பெறும் ‘சிவப்புத் திருமணம்’ இருண்மைப் புனைவு நாடகத்தின் மிக அறியப்பட்ட வஞ்சகக் காட்சியாகும். எதிர்பாராத அதிர்ச்சியே இக்காட்சியின் வலிமை என்பது பரவலான கருத்து. அறிகுறிகளை முன்கூட்டியே அளித்து, பார்வையாளரைப் பாத்திரங்களைவிடச் சற்று முன்னே நிறுத்துவதிலேயே அதன் வலிமை அமைந்துள்ளது என இக்கட்டுரை வாதிடுகிறது. விருந்தோம்பல் அறமே பொறியின் கருவியாக மாறும் விதம், நாவலுக்கும் தொடருக்கும் இடையிலான வேறுபாடுகள், பின்னர் வரும் பழிவாங்கல் காட்சிகளில் அவ்வறம் கைவிடப்படுவது ஆகியன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வஞ்சகம், விருந்தோம்பல், பதைப்பு, திடுக்கீடு, மெய்ப்பாடு, தழுவல்.

முன்னுரை

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் 2011ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு வரை எட்டுப் பருவங்களாக ஒளிபரப்பானது. அதன் மூன்றாம் பருவத்தின் ஒன்பதாம் பகுதியான ‘த ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்’ 2013 ஜூன் 2 அன்று வெளியானது. டேவிட் பெனியாஃப், டி. பி. வெய்ஸ் ஆகியோர் எழுத, டேவிட் நட்டர் இயக்கிய இப்பகுதியின் இறுதியில்தான் ‘சிவப்புத் திருமணம்’ நிகழ்கிறது. வடநாட்டு அரசனாக அறிவிக்கப்பட்ட ராப் ஸ்டார்க், அவனுடைய தாய் காட்லின், கருவுற்றிருக்கும் மனைவி டாலிசா ஆகியோர் தம் படைத்தலைவர்களுடன் திருமண விருந்தொன்றில் கொல்லப்படுகின்றனர். கொல்பவர் விருந்தளித்த வால்டர் ஃப்ரேயின் ஆட்களும், ராபின் சொந்தப் படைத்தலைவனான ரூஸ் போல்டனும் ஆவர்.

இந்நிகழ்வு முற்றிலும் கற்பனையன்று. ஸ்காட்லாந்து வரலாற்றின் இரு நிகழ்வுகளை மார்ட்டின் இதற்குத் தூண்டுகோலாகக் குறிப்பிட்டுள்ளார். ஒன்று, 1440ஆம் ஆண்டு எடின்பரோ கோட்டையில் இளம் டக்ளஸ் பிரபுவும் அவன் தம்பியும் விருந்துக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்ட ‘கறுப்பு விருந்து’. மற்றொன்று, 1692 பிப்ரவரியில் கிளென்கோ பள்ளத்தாக்கில் நிகழ்ந்த படுகொலை. அங்கு மெக்டொனால்டு குடியினரின் வீடுகளில் ஏறத்தாழ இரண்டு வாரம் உண்டு உறங்கிய படைவீரர்கள், ஓர் அதிகாலையில் தமக்கு உணவளித்தவர்களையே வெட்டினர். முதல் நிகழ்வில் விருந்தளித்தவர் கொல்கிறார். இரண்டாவதில் விருந்தினர் கொல்கிறார். இரண்டிலும் கொலையைவிட விருந்து முறிந்ததே மக்கள் நினைவில் நிலைத்தது. மார்ட்டின் எடுத்துக்கொண்டதும் அந்த முறிவையே.

பொறியின் கருவி: விருந்தோம்பல்

மார்ட்டினின் கற்பனை உலகில் விருந்தினர் உரிமை என்பது எழுதப்படாத உயர்சட்டம். ஒரு வீட்டின் கூரைக்கடியில் அப்பமும் உப்பும் உண்டபின், விருந்தளிப்பவர் விருந்தினருக்கோ விருந்தினர் விருந்தளிப்பவருக்கோ தீங்கிழைத்தல் ஆகாது. ராபும் அவன் கூட்டத்தாரும் ஃப்ரேயின் கோட்டைக்குள் நுழைந்தவுடன் அவர்களுக்கு அப்பமும் உப்பும் வழங்கப்படுகின்றன. நாவலில் இதனைக் கேட்டுப் பெறுமாறு காட்லின் தன் மகனுக்கு முன்னரே அறிவுறுத்துகிறாள். அவளுக்கு வால்டர்மேல் ஐயம் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்க்கும் மருந்தாக அவள் நம்புவது இச்சடங்கை.

பொறியின் நுட்பம் இங்குதான் தொடங்குகிறது. பொதுவாகப் பொறி என்பது மறைவான இடத்தில் வைக்கப்படும். இரை அறியாமல் காலை வைக்கும். இங்கோ இரை விழிப்புடன் வருகிறது, தற்காப்பைக் கேட்கிறது, கேட்ட தற்காப்பும் தரப்படுகிறது. தற்காப்பே பொறியின் கதவாகிறது. எச்சரிக்கையின்மையால் காட்லின் வீழவில்லை. தன் சமூகம் அளித்த மிக உறுதியான பாதுகாப்பை நம்பியதால் வீழ்கிறாள். ஆகவே இக்காட்சியில் உடைவது ஒரு குடும்பம் மட்டுமன்று; ஒருவரை ஒருவர் நம்பி ஒரே கூரையின் கீழ் அமர வழிசெய்த ஏற்பாடும் உடைகிறது.

வஞ்சகத்தின் பின்புலமும் ஒரு வாக்குத் தவறுதலே. முதல் பருவத்தில் ஆற்றைக் கடக்க வழிவிட்டதற்கு ஈடாக ஃப்ரே குடியில் பெண் எடுப்பதாக ராப் சார்பில் வாக்களிக்கப்பட்டது. அவன் வேறொருத்தியை மணந்தான். அதற்கு ஈடுசெய்யவே அவனுடைய தாய்மாமன் எட்மியூருக்கும் வால்டரின் மகள் ராஸ்லினுக்கும் இத்திருமணம் நடக்கிறது. எனவே பார்வையாளர் ஸ்டார்க் குடும்பத்தை முற்றிலும் குற்றமற்றதாகக் கொள்ள இயலாது. எனினும் ராப் மீறியது திருமண ஒப்பந்தம். வால்டர் மீறுவது உயிர்க்காப்பு உறுதி. குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையிலான இந்த அளவொவ்வாமையே காட்சியின் அறநெருக்கடி.

பதைப்பும் திடுக்கீடும்

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் ஒரு வேறுபாட்டை விளக்கினார். மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் கிடைப்பது சில நொடித் திடுக்கீடு. குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையில் அமர்ந்திருப்போருக்குத் தெரியாவிட்டால் கிடைப்பது பல நிமிடப் பதைப்பு. இந்த அளவுகோலால் நோக்கும்போது சிவப்புத் திருமணம் திடுக்கீட்டுக் காட்சி என்னும் பொதுக்கருத்து தளர்கிறது.

காட்சி மூன்று அறிகுறிகளால் கட்டப்பட்டுள்ளது: கதவு, பாட்டு, கை. மணமக்களைப் பள்ளியறைக்குத் தூக்கிச் செல்லும் சடங்கு முடிந்ததும் மண்டபத்தின் கதவு மூடப்படுகிறது. ராபும் டாலிசாவும் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு எட்டார்ட் என்று பெயரிடுவது பற்றி மென்மையாகப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. காட்லின் மட்டுமே கதவைக் கவனிக்கிறாள். அடுத்து, மேல்மாடத்து இசைக்குழு பாட்டை மாற்றுகிறது. காஸ்டமியரின் ரெயின் குடியை டைவின் லானிஸ்டர் வேரோடு அழித்ததைப் பாடும் பாட்டு அது. இறுதியாக, அருகில் அமர்ந்திருக்கும் ரூஸ் போல்டனின் சட்டைக் கையைக் காட்லின் விலக்குகிறாள். உள்ளே இரும்பு வளையக் கவசம். விருந்துக்கு எவரும் கவசம் அணிந்து வருவதில்லை.

இவற்றுள் பாட்டின் பணி சிறப்பாக நோக்கத்தக்கது. அதன் பொருளை அறியாத பார்வையாளருக்கு அது வெறும் சோகமெட்டு. ஆகவே தொடர் அதனை முன்னரே கற்பித்துவிடுகிறது. இரண்டாம் பருவத்தின் போர்ப்பகுதியில் லானிஸ்டர் வீரர்கள் அதனைப் பாடுகின்றனர். மூன்றாம் பருவத்தின் எட்டாம் பகுதியில், மற்றொரு திருமண விருந்தில், ரெயின் குடியின் கதையைச் செர்சி மார்ஜரிக்கு மிரட்டலாகவே சொல்கிறாள். இரண்டு வாரம் கழித்து வேறொரு திருமண விருந்தில் அதே மெட்டு எழும்போது, பாட்டின் பொருளை விளக்க வேண்டிய தேவை இல்லை. ராப் கேட்பது இசை. பார்வையாளர் கேட்பது தீர்ப்பு. காட்லினும் அதனைக் கேட்டு முகம் மாறுகிறாள். அவ்வகையில் பார்வையாளரும் காட்லினும் ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே வேகத்தில், உண்மையை நெருங்குகின்றனர்.

இந்த இடைவெளியில் வால்டர் ஃப்ரே எழுந்து பேசுகிறார். இறைச்சியும் மதுவும் இசையும் அளித்தும் தம் விருந்தோம்பல் கடமையில் குறை வைத்துவிட்டதாகவும், புதிய அரசிக்குத் திருமணப் பரிசு தர வேண்டியுள்ளதாகவும் சொல்கிறார். விருந்தோம்பலின் சொற்களாலேயே கொலைக்கு ஆணை பிறப்பிக்கப்படுகிறது. ராபின் செவியில் இது மரியாதை. கதவையும் பாட்டையும் கவனித்தவரின் செவியில் இது அறிவிப்பு. ஒரே கூற்று இரு செவிகளில் இரு பொருள் தருவதே இக்காட்சியின் பதைப்பு இயங்கும் முறை.

அச்சத்தின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கைக் கூறும். இருண்மைப் புனைவு என்னும் வகைமை பெரும்பாலும் முதல் இரண்டையே சார்ந்து நிற்பது. பேய், உயிர்பெற்ற பிணம், நாகம் முதலியன இத்தொடரிலும் உண்டு. ஆயினும் தொடரின் மிகக் கொடிய அச்சக் காட்சியில் அணங்கும் இல்லை, விலங்கும் இல்லை. ராபின் பெரிய ஓநாய் மண்டபத்திற்கு வெளியே அடைக்கப்பட்டுக் கொல்லப்படுகிறது. அச்சமூட்ட வேண்டிய விலங்கே இங்கு இரங்கத்தக்க இரையாகிறது. முந்தைய பகுதியில் அட்டைகளை நெருப்பிலிட்டு ராபின் சாவை வேண்டும் மாந்திரீகச் சடங்கொன்று இடம்பெறுவது உண்மையே. ஆனால் மண்டபத்தில் நிகழும் எதற்கும் அச்சடங்கு தேவைப்படவில்லை. பழைய அவமானம், அரசியல் கணக்கு, டைவினின் கடிதங்கள் ஆகியனவே போதுமானவை.

நான்காவது களனாகிய இறை இங்குத் தலைகீழாகிறது. குடிகள் தம் அரசனை அஞ்சுவது மரபு. இங்கோ அரசனே தன் குடியால் வீழ்கிறான். லானிஸ்டரின் வாழ்த்தைச் செவியில் சொல்லியபடி ராபின் நெஞ்சில் கத்தியைச் செருகுபவன், அவனுடைய படைத்தலைவனாகிய ரூஸ் போல்டன். அச்சம் வெளியிலிருந்து வராமல் உடன் உண்ணும் இருக்கையிலிருந்து எழுவதால், மாயத்தை நம்பாத பார்வையாளரும் இதனை நம்ப நேர்கிறது.

வணங்கிக் குவிந்த கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கக்கூடும் எனக் ‘கூடாநட்பு’ அதிகாரம் எச்சரிக்கிறது. இக்கருத்தின் முழு வடிவம் பெரிய புராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் உள்ளது. போரில் தோற்ற முத்தநாதன் சிவனடியார் கோலம் பூண்டு, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து, ஆகமம் உரைப்பதாகச் சொல்லி அரசனை நெருங்கிக் குத்துகிறான். ஏட்டுக்கட்டும் போல்டனின் சட்டைக்கையும் ஒரே பணியைச் செய்கின்றன. புனிதமாகக் கொள்ளப்பட்ட ஒன்றின் உள்ளே இரும்பு இருக்கிறது. ஆனால் முடிவு வேறு. வீழும் நாயனார் பகைவன் அணிந்த கோலத்தை மதித்து, அவனைத் தீங்கின்றி வெளியேற்றுமாறு தத்தனுக்கு ஆணையிடுகிறார். வஞ்சகம் உயிரைக் கொள்கிறது, அறத்தைக் கொள்ளவில்லை. சிவப்புத் திருமணத்தில் அத்தகைய மீட்பு இல்லை. அறத்தை நம்பியவர் அனைவரும் மண்டபத்திலேயே மாள்கின்றனர். அதனைத் தாங்கி வெளியேற ஒருவரும் எஞ்சவில்லை.

நாவலும் தொடரும்

நாவலில் ஒவ்வோர் இயலும் ஒரு பாத்திரத்தின் பார்வையில் அமைகிறது. படுகொலை காட்லின் பார்வையில் சொல்லப்படுகிறது. இசைக்கலைஞர்களின் வாசிப்பு செவியை வருத்துமளவு மோசமாக இருப்பதை அவள் உணர்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியாது. அவர்கள் கலைஞர்கள் அல்லர், குறுக்குவில் ஏந்திய வீரர்கள் என்பது பின்னரே வெளிப்படுகிறது. நாவலில் கவசம் தென்படுவது போல்டனிடம் அன்று, வெளியேற முயலும் எட்வின் ஃப்ரேயின் பட்டுச் சட்டைக்குள். அங்கு அது கையால் தொட்டு உணரப்படுகிறது. தொடர் இதனைப் போல்டனுக்கு மாற்றி, கண்ணால் காணும் அறிகுறியாக்கியது. இம்மாற்றம் பயனுடையது. ஃப்ரேயின் பகைமை எதிர்பார்க்கத்தக்கது. போல்டனின் கவசமோ பகைமை தன் அணிக்குள்ளேயே இருப்பதை ஒரே அசைவில் காட்டிவிடுகிறது. போல்டன் தன் கையை நோக்கிப் பார்வையைத் தாழ்த்துவதும் குறிப்பிடத்தக்கது. மறைக்க இனித் தேவையில்லை என்னும் அவனது நிதானமே காட்லினுக்கான பதிலாகிறது.

இரண்டாம் மாற்றம் விவாதத்திற்குரியது. நாவலில் ராபின் மனைவி திருமணத்திற்கு வரவில்லை. தொடரில் டாலிசா வருகிறாள். முதல் கத்தி அவளுடைய வயிற்றில்தான் பலமுறை இறங்குகிறது. பதைப்பால் கட்டப்பட்ட காட்சியில் முன்னறிகுறியற்ற திடுக்கீடாக அமைவது இது ஒன்றே. இதற்கு ஒரு நியாயம் உண்டு: வால்டரின் மனக்குறைக்குக் காரணமானவளும், ஸ்டார்க் வழித்தோன்றலைச் சுமப்பவளும் அவளே, அவர் அறிவித்த ‘பரிசு’ அவளுக்கே உரியது. எனினும் கொலையின் காட்சிப்படுத்தல் அந்தப் பொருளைவிட உடற்சிதைவையே முன்னிறுத்துகிறது. கவசத்தைக் கண்ட நொடியில் பார்வையாளர் எய்திய அறிவு, அடுத்த நொடியின் கொடூரத்தில் மூழ்கிவிடுகிறது. மேலும் டாலிசா தனக்கென ஒரு சொல்லும் எதிர்வினையும் இன்றி, பிறருடைய பகைக்குக் குறியீடாக மட்டும் மடிகிறாள். இவ்விடத்தில் நாவலின் அடக்கமே மேலானது.

காட்லினின் இறுதிப் பணயம் இரு வடிவங்களிலும் கூர்மையானது. நாவலில் அவள் பிடிப்பது அறிவு முதிராத பேரன் ஒருவனை. தொடரில் வால்டரின் இளம் மனைவியை. மகனை உயிருடன் விட்டால் பழிவாங்க மாட்டோம் என்று அவள் தன் குடியின் பெயரால் உறுதி கூறுகிறாள். உறுதிமொழிகளின் மதிப்பு அழிந்துவிட்ட அதே மண்டபத்தில், அவளிடம் எஞ்சியிருப்பது இன்னோர் உறுதிமொழி மட்டுமே. தொடரில் வால்டரின் மறுமொழி, வேறொரு மனைவியைத் தேடிக்கொள்வேன் என்பது. பணயம் செல்லாததற்குக் காரணம் காட்லினின் வலிமைக்குறைவன்று. எதிரே இருப்பவருக்கு இழக்க அஞ்சும் உறவே இல்லாமை. அன்பை அடிப்படையாகக் கொண்ட எந்தப் பேரமும் அன்பற்றவரிடம் செல்லுபடியாவதில்லை. காட்லின் அப்பெண்ணைக் கொன்றபின், தன் கழுத்து அறுபடும் வரை அசையாமல் நிற்கிறாள். பகுதியின் முடிவில் பெயர்ப்பட்டியல் இசையின்றி ஓடுகிறது. பாட்டால் தொடங்கிய கொலை முழு அமைதியில் முடிகிறது.

வாசலில் நிற்கும் ஆர்யா

காட்சிக்கு இணையாக, தன் குடும்பத்துடன் சேர வரும் ஆர்யா கோட்டை வாசலை அடைகிறாள். பல பகுதிகளாகப் பிரிந்து அலைந்தவள் சில அடிகள் தொலைவில் இருக்கிறாள். பார்வையாளர் நெடுநாள் காத்திருந்த குடும்பச் சேர்க்கையும் குடும்ப அழிவும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நிகழ்கின்றன. இது மண்டபத்திற்குள் இருப்போருக்கு வைக்கப்பட்ட பொறியன்று, பார்வையாளருக்கு வைக்கப்பட்டது. முதல் பருவத்தின் ஒன்பதாம் பகுதியில் தந்தை எட்டார்ட் கொல்லப்பட்டபோது, மகன் பழிதீர்ப்பான் என்னும் கதைமரபின் உறுதி பார்வையாளருக்கு எஞ்சியிருந்தது. அவ்வுறுதியும் உப்பைப் போன்றதே. அதனை நம்பித்தான் பார்வையாளர் இரு பருவங்கள் உடன் வந்தார்.

பழியும் மறந்த அறமும்

இக்காட்சியின் அறக்கேள்வியைத் தொடர் உடனே கைவிடவில்லை. அடுத்த பகுதியில் பிரான், எலிச் சமையற்காரனின் கதையைச் சொல்கிறான். அரசனுக்கு அவன் மகனையே சமைத்துப் பரிமாறிய சமையற்காரனைத் தெய்வங்கள் தண்டித்தது கொலைக்காக அன்று. தன் கூரைக்கடியில் விருந்தினனைக் கொன்றதற்காக. வால்டரின் பெயர் சொல்லப்படாமலே அவருக்கான தீர்ப்பு இக்கதையில் உரைக்கப்படுகிறது.

ஆனால் அத்தீர்ப்பு நிறைவேறும் விதம் சிந்திக்கத்தக்கது. 2016இல் வெளியான ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியில் ஆர்யா வால்டருக்கு அவர் புதல்வரின் ஊனையே உணவாகப் பரிமாறி, அவர் கழுத்தை அறுக்கிறாள். 2017இல் ஏழாம் பருவத்தின் தொடக்கத்தில் வால்டரின் முகத்தை அணிந்து, அதே மண்டபத்தில் ஃப்ரே குடியினருக்கு விருந்து வைத்து, நஞ்சு கலந்த மதுவால் அவர்களை மாய்க்கிறாள். இவை சிவப்புத் திருமணத்தின் எதிரொலிகள் என்பது தெளிவு. இருப்பினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. எலிச் சமையற்காரன் தண்டிக்கப்பட்ட அதே செயலை ஆர்யா செய்கிறாள். விருந்தளிப்பவரின் வேடத்தில் விருந்துண்போரைக் கொல்கிறாள். அவள் அவ்வீட்டின் உண்மையான விருந்தளிப்பவள் அல்லள் என்றும், ஃப்ரேக்கள் அவ்வுரிமையை முன்னரே இழந்துவிட்டனர் என்றும் வாதிடலாம். தொடரோ அவ்வாதத்தை எழுப்புவதே இல்லை. பார்வையாளர் மகிழ்வதற்குரிய வெற்றியாகவே அது காட்டப்படுகிறது.

காட்சிமுறையிலும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. சிவப்புத் திருமணத்தில் பார்வையாளர் இரையின் அருகில் அமர்ந்து, கதவு மூடுவதைப் பார்த்தார். பழிவாங்கல் காட்சியில் வேட்டையாடுபவளின் பக்கம் நின்று, பொறி விழுவதைச் சுவைக்கிறார். முன்னது ‘இது நிகழக் கூடாதே’ என்னும் பதைப்பு. பின்னது ‘இது நிகழ்ந்ததே’ என்னும் நிறைவு. முன்னதில் அப்பத்திற்கும் உப்பிற்கும் எடை இருந்தது. பின்னதில் மதுக்கிண்ணம் வெறும் கருவி.

முடிவுரை

சிவப்புத் திருமணம் வன்முறையின் அளவால் சிறந்த காட்சி ஆகவில்லை. அதனினும் பெரிய அழிவுகள் அத்தொடரிலேயே உண்டு. முறிக்கப்படும் நம்பிக்கை எது என்பதை முதலில் நிலைநாட்டி, பின்னர் அதன் முறிவைக் கதவு, பாட்டு, கை எனப் படிப்படியாக அறியச் செய்ததால் அது சிறந்தது. அறம் ஒன்று இருப்பதாகப் பாத்திரங்களும் பார்வையாளரும் நம்பும் வரையே வஞ்சகம் அச்சமூட்டும். அந்த அறத்தைக் கதையே மறந்தபின் எஞ்சுவது திறமையான கொலை மட்டுமே. டாலிசாவின் கொலையில் தலைகாட்டிய திடுக்கீட்டு விருப்பம், பிற்காலப் பழிவாங்கல் காட்சிகளில் முழுமையாக இடம்பிடித்துக்கொண்டதை இவ்வாய்வு காட்டுகிறது. பொறியை வடிவமைக்கும் எழுத்தாளர் முதலில் நேர்மையாகப் படைக்க வேண்டியது கத்தியை அன்று. அது கிழிக்கவிருக்கும் விருந்தை.